வெதுவெதுப்பு

குளித்துவிட்டு வந்த பிள்ளையின் தலையில் சோப்பு வாசனையே இல்லை.

துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துக்கொண்டே அவள் இன்னொரு தடவை குனிந்து, உச்சியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சோப்பு போட்டது நிஜம். நுரை கண்ணில் பட்டுவிட்டதென்று சுண்டு சற்று முன்தான் கத்தி வீட்டையே இரண்டாக்கியிருந்தாள். ஆனால் ஈர முடிக்குள்ளிருந்து வந்தது வேறொன்று. தரை துடைத்த துணியை வாளியிலேயே மறந்துவிட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பிழிந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த நாற்றம். அதற்கு அடியில் லேசாக ஒரு தித்திப்பு வேறு. நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தத் தித்திப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, என்னை ஏன் மோந்து மோந்து பார்க்கிற? நான் என்ன பூவா?" என்றாள் சுண்டு. வயது நாலு. வாய்க்கு மட்டும் நாற்பது.

"பூதான். வா, இன்னொரு தடவை குளிக்கலாம்."

மறுபடி சோப்பு, மறுபடி நுரை, மறுபடி அழுகை. துடைத்துவிட்டு மோந்து பார்த்தாள். நாற்றம் குறையவில்லை. கூடியிருந்தது.

புருஷனிடம் போனில் சொன்னாள். லாரி ஓட்டுகிறவர், சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வீட்டை எட்டிப் பார்க்க வாரக்கணக்காகும். "மழைக்காலம்மா, எல்லாம்தான் நாறும். என் லாரிக்குள்ள வந்து பாரு, மயக்கம் போட்டு விழுந்துடுவ," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்த மனுஷன் எதற்குத்தான் கவலைப்பட்டிருக்கிறார்.

மழை என்னவோ உண்மைதான். விடாத தூறல், அதோடு புழுக்கம். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் வியர்வை. கொடியில் போட்ட துணிகள் நாள்கணக்கில் காயாமல், தொட்டால் ஈரமா குளிர்ச்சியா என்று பிடிபடாத மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அலமாரிக்குள் செருப்பில் பூஞ்சை. ரொட்டியைப் பிரித்தால் மறுநாளே பச்சைப் புள்ளி. மூன்றாம் மாடியிலிருந்த அந்தச் சின்ன வீட்டுக்குள் காற்றே நகராமல் ஒரே இடத்தில் நின்று வேர்த்தது. அவள் தையல்காரி, பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பவள். விரலின் ஈரத்தில் துணி வழுக்கி வழுக்கித் தையல் கோணிக்கொண்டு போனது.

சரி, மழை என்றே வைத்துக்கொள்வோம் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த நாள் வாளியை வைக்கக் குனிந்தபோது குழாயின் வாய் கண்ணில் படும்வரைக்கும்தான் அந்தத் தேறுதல்.

குழாய் வாயின் உள்பக்கம் ஒரு வளையம். இளஞ்சிவப்பு நிறம். குழந்தையின் ஈறு போல ஈரமாக மினுமினுத்தது. என்னவென்று பார்க்க விரலை வைத்தாள். வழுக்கியது. விரலை எடுத்தபோது அறுந்து விழாமல் கூடவே நூலாக நீண்டு வந்தது. நீண்டு, மெலிந்து, பிறகு சொத்தென்று அவள் புறங்கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. சீ! உதறினாள். போகவில்லை. புடவையில் தேய்த்தாள். போகாமல் பளபளவென்று பரவியது. அதிலும் அதே தித்திப்பு.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய் தேயென்று தேய்த்தாள். கை எரிந்தது, கண் எரிந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் வளையம் திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. போதாததற்கு சோப்புப் பெட்டியின் அடியில், குளிக்கிற கப்பின் பிடியில், வாளியின் விளிம்பில். கடைசியில் அவள் பார்த்தது சுண்டுவின் பல் பிரஷ்ஷை. இழைகளின் அடிவேரில், கெட்டிப்பட்ட பால் போல, ஒரு சின்ன இளஞ்சிவப்புப் படலம். காலையில் அதை வைத்துத்தான் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டிருந்தாள். அவள் அப்படியே கழுவுதொட்டியில் குனிந்து ஓங்கரித்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக் குழாயில் சுடுதண்ணீர் வராது. வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும்தான் வரும். அது அவள் போட்ட சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், படுக்கையறையோடு ஒட்டிய இன்னொரு குளியலறையில், துண்டை எடுக்க அவள் திரும்பிய நேரத்தில் சுண்டு சுடுதண்ணீர்க் குழாயைப் பிடித்துத் திருகிவிட்டாள். கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீர் பிஞ்சு முதுகில் கொட்டியது. "சுடுதும்மா, சுடுதும்மா" என்று அலறியது பிள்ளை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் அதே அலறல். அவள் வெளியே வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே அந்தக் குளியலறையைத் தாழ்போட்டு மூடினாள். ஹால் பக்கக் குளியலறையின் பரணில் இருந்த ஹீட்டர் டாங்கின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முழங்கையை நனைத்து நனைத்துப் பார்த்து, சூடுமில்லை குளிருமில்லை, உடம்போடு உடம்பாக இருக்கிறது என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினாள். யாரும் கை வைக்காமலிருக்கக் குமிழின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். சுவிட்சை அணைப்பதே இல்லை. எந்நேரமும் அதே இதம். இனி என் பிள்ளை மேல் சூடு படாது என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நாற்றத்துக்குப் பிறகு சத்தம் வந்தது.

குழாய்கள் சத்தம் போடுவது புதிதா என்ன. ஆனால் இது டக்கென்று இரும்பு தட்டுகிற சத்தமில்லை, காற்று சீறுகிற சத்தமுமில்லை. சுவருக்குள் யாரோ மெதுவாக, நிதானமாக, கெட்டியான எதையோ விழுங்குகிற மாதிரி. க்ளுக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி க்ளுக். அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தினால் கேட்டது, மிதித்தால் மறைந்தது. ஒரு மத்தியானம் சுண்டு ஹால் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்ற அங்க?"

"சுவர் சாப்பிடுதும்மா. நீயும் வந்து கேளு."

இழுத்து விலக்கிவிட்டு அவள் தன் உள்ளங்கையை அங்கே வைத்தாள். சுண்ணாம்பு ஊறிப்போய் மெத்தென்றிருந்தது. சுவர் குளிர்ச்சியாக இருக்கவேண்டும், அதுவும் இந்த மழையில். இது வெதுவெதுவென்றிருந்தது. தூங்குகிற ஒருத்தரின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சுண்டுவின் கன்னத்தில் சுவரின் ஈரம் ஒட்டியிருந்தது. பிள்ளை அதை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் இருமல் ஆரம்பித்தது. காய்ந்த இருமல் இல்லை, கொழகொழத்த இருமல். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று இருமலுக்கு ஒரு சிரப்பும், காய்ச்சல் வந்தால் கொடுக்க ஒரு சிரப்பும் எழுதிக்கொடுத்தார். இருமல் சிரப்பைக் குடித்தால் பிள்ளை அசந்து தூங்கியது. தூக்கத்திலும் தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது.

நாத்தனார் வந்தது அதற்கு மறுநாள். புருஷனுக்குத் தங்கை, ஆஸ்பத்திரி லேபில் வேலை. சளியும் ரத்தமும் மலமும் பார்த்துப் பார்த்து அருவருப்பே செத்துப்போனவள். குளியலறைக்குள் எட்டிப் பார்த்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

"அண்ணி, இது என்ன குளியலறையா, இல்ல யாரோட தொண்டையாவதா?"

"விளையாடாதடி. எவ்வளவு தேய்ச்சாலும் வருது."

"ஹீட்டரை எதுல வெச்சிருக்க?"

"வெதுவெதுன்னு."

"குளிக்கிறப்ப மட்டும்தானே?"

"எப்பவும். ரெண்டு வருஷமா அணைக்கவே இல்ல."

நாத்தனாரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"ஃப்ரிட்ஜுல வெச்சா இந்தப் பாக்டீரியாவெல்லாம் தூங்கும் அண்ணி. சாகாது, சும்மா தூங்கும். நல்லாச் சூடு பண்ணினா செத்துடும். ரெண்டுக்கும் நடுவுல, நம்ம உடம்புச் சூடு இருக்கே, அதுதான் அதுக்குச் சொர்க்கம். ஈரம் இருக்கு, இருட்டு இருக்கு, தண்ணியில வர்ற அழுக்கு இருக்கு சாப்பிட. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நீ ஒரு சட்டை தைச்சு முடிக்கிறதுக்குள்ள பத்து மடங்காயிருக்கும். நீ டாங்க் வெக்கல, அதுக்குக் கர்ப்பப்பை கட்டி வெச்சிருக்க."

பிள்ளைக்கென்று முழங்கையால் அளந்து அளந்து வைத்த சூடு அது.

"அந்த மூடின குளியலறைக்கும் இதே டாங்க்தானே? அந்தக் குழாயைக் கடைசியா எப்பத் திறந்த?"

"திறக்கவே இல்ல. அதுக்கப்புறம்."

"போச்சு," என்றாள் நாத்தனார். "அப்ப அந்தக் குழாய்ல தண்ணி போகவும் வழியில்ல, வரவும் வழியில்ல. வா பார்க்கலாம்."

படுக்கையறை வழியாகப் போய்த் தாழைத் திறந்தார்கள். உள்ளே காற்று ஒரு மூடிய வாய்க்குள் இருக்கும் காற்று மாதிரி இருந்தது. நாத்தனார் மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அந்தச் சுடுதண்ணீர்க் குழாயைத் திருகினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் இருமியது. அழுகலாக ஒரு மூச்சு விட்டது. அதற்குப் பிறகு, குழாயின் வாயில் ஏதோ எட்டிப் பார்த்தது.

கட்டைவிரல் பருமன். இளஞ்சிவப்பு. தோலுரித்த மாதிரி ஒரு பளபளப்பு. தண்ணீராக இருந்தால் விழும்; இது விழவில்லை, இறங்கியது. தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு, அவசரமில்லாமல், முழம் முழமாக இறங்கித் தரையில் சுருள் சுருளாக உட்கார்ந்தது. ஒவ்வொரு சுருளும் படியும்போது ப்ளிச் ப்ளிச்சென்றது. அதன் ஓரங்களில் முடி சிக்கியிருந்தது. யார் முடி என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. சில்லென்றிருந்த தரையில் பட்ட இடம் சுருங்கி வெளுத்து அசைவில்லாமல் நின்றது. மேலே இருந்த பகுதி மட்டும் கொஞ்சநேரம் துவண்டு துவண்டு அங்குமிங்கும் சாய்ந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அருவருப்பே இல்லாத நாத்தனாரும் துப்பட்டாவுக்குள் ஒரு தடவை ஓங்கரித்ததைக் கேட்டாள்.

அதில் ஒரு துளியைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மீதியைப் பிளீச்சிங் ஊற்றிச் சாக்கடைக்குள் தள்ளினார்கள். குழாயை எவ்வளவு இறுக்கினாலும் முழுசாக மூடவில்லை; வாஷர் நைந்து போயிருந்தது.

"டாங்கை முழுச் சூட்டுல வை. அரை நாள் கொதிக்கட்டும். அப்புறம் எல்லாக் குழாயையும் திறந்துவிடு. சூடு ஒண்ணுதான் இதைக் கொல்லும்," என்றாள் நாத்தனார். "அதுவரைக்கும் சுண்டுவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம். அவ என்னை விட்டு இருக்கமாட்டா."

யார் யாரை விட்டு இருக்கமாட்டார்கள் என்பது நாத்தனாருக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் அன்றைக்குக் குமிழைத் திருப்பவில்லை. மறுநாளும் திருப்பவில்லை. ஸ்டூலில் ஏறுவாள், பிளாஸ்திரியைத் தொடுவாள், கொதிக்கிற தண்ணீர் சுவருக்குள் வீடு முழுக்க ஓடுவதை நினைப்பாள், இறங்கிவிடுவாள். குளிக்கவும் குடிக்கவும் கீழ்வீட்டிலிருந்து தண்ணீர் தூக்கினாள். மழை வலுத்துக்கொண்டே போனது. தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது.

மூன்றாம் நாள் மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். குரலில் ஒரு மாதிரி சிரிப்பு. பயப்படுகிறவர்கள் சிரிப்பது போல.

"அண்ணி, அதை மூணு தட்டுல வளர்த்தேன். ஃப்ரிட்ஜுல வெச்சதுல ஒண்ணுமே இல்ல. ஜன்னல்ல வெச்சதுல அங்கங்க புள்ளி. உடம்புச் சூட்டுப் பெட்டியில வெச்சது, மூடியைத் தள்ளிட்டு வெளிய வந்திருக்கு."

"ஐயோ."

"அது போகட்டும். தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு பக்கமாச் சூடு காட்டினேன். சூடு பட்ட இடம் செத்துச்சு. மிச்சம்... அண்ணி, பாக்டீரியா கண்ணுக்குத் தெரியற மாதிரி நகராது. இது நகர்ந்துச்சு. சூட்டை விட்டு ஓடி வந்து, என் கட்டைவிரல் இருந்த ஓரத்துல ஒண்டிக்கிச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் விரலோட சூடு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ டாங்கைச் சூடு பண்ணிட்டதானே?"

"பண்ணிட்டேன்," என்று பொய் சொன்னாள்.

வைத்ததும் எழுந்தாள். இனிமேலும் தள்ளிப்போட்டால் நான் ஒரு தாயே இல்லை என்று தன்னையே வைதுகொண்டாள். சுண்டு இருமல் சிரப்பு குடித்துவிட்டுப் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீர்ப் பக்கம் பிள்ளை தப்பித்தவறிக்கூட வந்துவிடக்கூடாது. போர்வையை இழுத்துவிட்டு, வெளியே வந்து, படுக்கையறைக் கதவை வெளிப்பக்கம் தாழ்போட்டாள். தாழை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஸ்டூலில் ஏறினாள். பிளாஸ்திரியை உரித்தாள். அதன் அடியிலும் வழவழப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.

டாங்க் முதலில் சும்மா இருந்தது. பிறகு ரீங்காரம் போட ஆரம்பித்தது. மெல்ல மெல்ல உள்ளே கொதிக்கும் சத்தம் ஏறியது. குளியலறை முழுக்க ஒரு வாடை பரவியது. மாமிசத்தை உப்பில்லாமல் வேகவைத்தால் வருமே, அப்படி. குழாய் வாயிலிருந்த வளையம் வெளுத்துச் சுருங்கி உதிர்ந்தது. சாவு, செத்து ஒழி, என்றாள் அவள் சத்தமாகவே. அத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசானது.

சுவருக்குள் விழுங்கும் சத்தம் வேகமாகியது.

க்ளுக், க்ளுக், க்ளுக். மூச்சு வாங்க ஓடுகிறவன் எச்சில் விழுங்குகிற மாதிரி. அவள் சுவரில் கை வைத்தாள். சுட்டது. நாலடி தள்ளி வைத்தாள். அங்கே சுடவில்லை, வெதுவெதுவென்றிருந்தது. கையை எடுக்காமல் நின்றாள். அந்த இடமும் சுட ஆரம்பித்தது. வெதுவெதுப்பு இன்னும் நாலடி முன்னால் போயிருந்தது. அதன் கூடவே கையைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள். தையல் மெஷினைத் தாண்டி. நிலைக்கண்ணாடியைத் தாண்டி. மூலை திரும்பி.

படுக்கையறைச் சுவர்.

அங்கேதான் அந்தக் குழாய் போய் முடிகிறது. வாஷர் நைந்த குழாய்.

தாழ் வழுக்கியது. கை வேர்த்திருந்தது. இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

கதவு திறந்தது.

மூடிய குளியலறைக் கதவின் அடி இடுக்கிலிருந்து கட்டில்வரைக்கும் தரையில் ஒரு பட்டையான ஈரத் தடம். தரையின் குளிரில் செத்த பகுதிகள் தோலாக உரிந்து கிடந்தன. அவற்றின் மேலேயே ஏறி வந்திருந்தது மீதி. கட்டில் கால். மெத்தை விளிம்பு. தலையணை.

சுண்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். உதட்டோரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நுனி. வாலின் நுனி. அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பாய்ந்து பிடித்தாள். இதமான சூடு. விரலிடுக்கில் நழுவியது. பிள்ளையின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

போய்விட்டது.

குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். வாயில் விரலை விட்டாள். பிள்ளை விழித்துக்கொண்டு கதறியது. எச்சில் மட்டும் வந்தது. பிள்ளையின் எச்சிலா, அதன் எச்சிலா. நாத்தனாருக்குப் போன் போட்டு என்ன உளறினாளோ தெரியாது. "வண்டி எதுவும் ஓடல, நான் நடந்தே வர்றேன், பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்க" என்று அந்தப் பக்கம் கத்தியது மட்டும் காதில் விழுந்தது.

சுண்டுவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் தோல் மெதுவாக மேடானது. தணிந்தது. வேறிடத்தில் மேடானது. அது வசதியாகப் படுக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. இருமல் நின்றுபோயிருந்தது.

"வயித்துல யாரோ இருக்காங்கம்மா," என்றாள் சுண்டு.

பிறகு காய்ச்சல் வந்தது. நெற்றி சுட்டது. கழுத்து சுட்டது. சட்டென்று ஏறியது. அவள் அலமாரியிலிருந்த காய்ச்சல் சிரப்பை எடுத்து மூடியைத் திருகினாள். கரண்டியில் ஊற்றினாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

நின்றாள்.

சூடு ஒண்ணுதான் இதைக் கொல்லும்.

பிள்ளையின் உடம்பு தானாகவே அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தது. இவள் இரண்டு வருஷமாகச் செய்யத் துணியாததை. கரண்டியில் இருந்ததைத் தரையில் கொட்டினாள். போர்வையை எடுத்தாள். இன்னொரு போர்வை. தைக்க வந்த கம்பளிக் கோட்டு. தன் புடவைகள் எல்லாம். பிள்ளையைச் சுற்றிச் சுருட்டினாள். இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சுடுதும்மா."

"கொஞ்ச நேரம்டா கண்ணு."

"சுடுதும்மா, சுடுதும்மா!"

இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளக் கை இல்லை. முழுசாகக் கேட்டாள். கண்ணீர் வழிந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. பிள்ளை துடித்தது. இவள் விடவில்லை.

வயிற்றுக்குள் க்ளுக்கென்றது.

மேலே ஏறியது. நெஞ்சுக்கு. தொண்டைக்கு. சுண்டுவின் கழுத்து உருண்டு திரண்டது. வாய் தானாகத் திறந்தது. நாக்குக்குப் பின்னாலிருந்து அது எட்டிப் பார்த்தது. பளபளவென்று. கண்ணில்லை, முகமில்லை, ஆனாலும் பார்த்தது. ஜன்னலிலிருந்து மழைக்காற்று சில்லென்று வந்தது. அது நடுங்கியது. உள்ளே போய்விட்டது.

மறுபடி வந்தது. காற்று பட்டது. மறுபடி உள்ளே போனது. பிள்ளையின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது.

உள்ளே சுடுகிறது அதற்கு. வெளியே குளிர்கிறது. நடுவில் ஒரு இடம் வேண்டும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள். போர்வைக்குள் தலையை விட்டாள். பிள்ளையின் கன்னம் இரண்டையும் பிடித்தாள். அந்த நாற்றம். அந்தத் தித்திப்பு. கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையின் வாய் மேல் தன் வாயை வைத்து, திறந்தாள். எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு.

வா, என்றாள் மனதுக்குள். எங்கிட்ட வா.

ஒன்றுமில்லை.

பிறகு அவள் நாக்கின் நுனியை ஏதோ தொட்டது. நிதானமாக. சூடுமில்லை, குளிருமில்லை. ருசி பார்த்தது.

வந்தது.

முழம் முழமாக வந்தது. மூச்சடைத்தது. வாயை எடுக்கவில்லை. முடி பல்லில் சிக்கியது. எடுக்கவில்லை. கடைசி நுனி பிள்ளையின் உதட்டை விட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

சுண்டு ஓவென்று அழுதாள். நல்ல அழுகை. போர்வைகளை உதைத்துத் தள்ளிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப்போய், தண்ணீர் கேட்டாள். வாசல் கதவு இடிபட்டது. "அண்ணி! கதவைத் திற! சுண்டு எங்க? பேசு அண்ணி!"

சுண்டு தாழைத் திறக்க எட்டாமல் ஓடி வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, அத்தை வந்திருக்காங்க. பேசும்மா."

அவள் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் உதட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். கன்னங்கள் மெதுவாக உப்பின, மெதுவாக வற்றின. தொண்டையில் க்ளுக், க்ளுக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. விழுங்கிக்கொண்டிருந்தது அவள் இல்லை.